மஞ்சள் போர்டு வண்டி

மோட்டார் சைக்கிள் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது என்றொரு நம்பிக்கை நாட்டில் நிலவுகிறது. பெரும்பிழை. அது நிற்பதற்காகவே செய்யப்பட்டது. இடையில் ஓடுவதெல்லாம், அடுத்து நிற்க நல்ல இடம் தேடித்தான்.

2006-ல் தேனியில் இந்த உண்மையை உணர்ந்திருந்தவர்கள் இரண்டே பேர்: மூணுசுழி ஊறுகாய்க் கம்பெனி முதலாளி, பழனிசெட்டிபட்டி ராஜபாண்டி. முதலாளி பெட்ரோல் போட்டார். ராஜபாண்டி தன் வண்டிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் முறம் அகலத்துக்கு ஊறுகாய் விளம்பரம் எழுதிய மஞ்சள் போர்டு மாட்டி, கம்பெனி சொன்ன இடங்களில் கொண்டுபோய் நிறுத்தினான்.

அந்தப் போர்டுதான் அவன் கல்யாணத்துக்கு உலை வைத்தது.

வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாக இருந்தது. புதன்கிழமை காலையில் பெண்ணின் அப்பா அழகுமலை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனான். காப்பி வரவில்லை. அதிலேயே பாதி விளங்கிவிட்டது.

"தம்பி, எம்பொண்ணக் குடிகாரனுக்குக் குடுக்கிறதா இல்ல."

"மாமா, நான் அதைத் தொட்டதே இல்ல!"

"வேற வண்டின்னா ஒண்ணுபோல ஒண்ணு இருக்கும்னு விட்டுரலாம். உன் வண்டி ஆண்டிபட்டிக் கணவாயில நின்னாலும் இங்கன தெரியும். சாயங்காலமானா ஒயின்ஷாப் வாசல்ல நிக்குதா, இல்லையா?"

"நிக்குது மாமா. ஊறுகாய் வேற எங்கன விக்கும், பல் டாக்டர் வீட்டு வாசல்லயா? வண்டிய நிப்பாட்டிட்டு நான் எதிர்த்த மாடிக்கு, கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற டேலி கிளாசுக்குப் போயிருவேன்."

"டேலியாம், டேலி!"

உள்ளே, இதுவரை தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண் ஜோதிலட்சுமி மிக்சியை நிறுத்தினாள். அந்தச் சத்தம் நின்றதும்தான் ராஜபாண்டிக்கு, இந்தப் பெண்ணை விட்டுவிடக் கூடாது என்று உறைத்தது.

"சத்தியமா மாமா. வேணும்னா சர்டிபிகேட்டக் கொண்டாந்து காட்டுறேன்."

"குடிக்கலன்னு எவன்டா சர்டிபிகேட் குடுக்கிறான்?"

"டேலிக்கு மாமா."

அழகுமலையின் மனைவி கஸ்தூரியம்மாள் குறுக்கே வந்தாள்.

"ஏங்க, வேணாதவுக யாராச்சும் போட்டுக் குடுத்திருப்பாக. யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எங்கண்ணால பார்த்தேன்."

"போற வழியில ஒருநா பார்த்திருப்பீக. அதுக்குப் போயி..."

"ஒருநாளா?" அழகுமலை எழுந்தே விட்டார். "மூணு மாசமாப் பாக்கிறேன்! டாண்ணு ஆறு மணிக்கு வந்து நிக்கும். மழை பெஞ்சாலும் நிக்கும். எட்டு மணிக்கு நான் எந்திரிக்கிற வரைக்கும் அங்கனயேதான் நிக்கும்!"



கஸ்தூரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்காகன்னுதான தெனமும் சாயங்காலம் போறீக?"

"ஆமா..."

"நடக்கிறவுக எங்கன இருந்து எந்திரிக்கிறீக?"

அழகுமலை உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை சொன்னபடி தட்டு மாத்திருவோம் மாப்பிள்ளை" என்றாள் கஸ்தூரியம்மாள்.

உள்ளே மிக்சி மறுபடி ஓடியது. சற்றுப் பொறுத்துக் காப்பி வந்தது.

ஒரு டம்ளர்.