பூட்ஸ் போட்ட பேய்

எண்பத்திரண்டாம் வருடத்துக் கத்திரி வெயில். ஆம்பூர்த் தோல் ஷாப்பில் கரண்ட் போய், தோலைப் பதப்படுத்த உருண்டுகொண்டிருந்த மர டிரம்கள் நிற்கின்றன. தகரக் கூரைக்கடியில், தோல் ஊறும் தொட்டிகளின் சுண்ணாம்பு நெடி மட்டும் நகராமல் நிற்கிறது. தோல் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் இருவர் இளநீர் குடித்தபடி பேய்க் கதை பேசுகிறார்கள். ஜப்பான்காரர், தங்கள் ஊரில் கோடையில்தான் பேய்க் கதை சொல்வார்கள், பயத்தில் உடம்பு குளிரும் என்கிறார். அவர் சொல்லும் பேய்க்குக் காலே கிடையாது. அமெரிக்கக்காரர் சொல்லும் பேயோ பூட்ஸ் போட்டுக்கொண்டு மாடிப்படியில் தடதடவென ஏறுகிறது. ஒருவர் பேயை மற்றவர் ரசித்துச் சிரிக்கிறார். அவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பது மேனேஜர். டைப்பிஸ்ட் தேவகிருபையின் கையில் பனையோலை விசிறியைக் கொடுத்து வீசச் சொன்னவரும் அவர்தான்.

"நம்மூர்ப் பேய்க் கதை ஒண்ணு இங்கிலீஷ்ல சொல்லும்மா. நல்லா குளிரட்டும்."

விசிறி நிற்கிறது. அவள் அதை மேஜைமேல் பட்டென்று வைக்கிறாள்.

"அமெரிக்காவுல பேய்க்குக்கூட பூட்ஸ் இருக்குது சார். போன மாசம் நம்ம கன்னியப்பன் வெறுங்காலோட சுண்ணாம்புத் தொட்டியில எறங்கி, வழுக்கி வுழுந்து செத்தான். ரோட்ல வுழுந்து செத்தான்னு போலீஸ்ல சொன்னீங்க. அந்தக் கதைய சொல்லட்டுமா?"

"ஏம்மா, வாய மூடு!"

அவள் வந்தவர்கள் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், முதலிலிருந்து தொடங்குகிறாள். இருவர் சிரிப்பும் அடங்குகிறது. இளநீரைக் கீழே வைத்துவிட்டு, குளிர் கண்டவர்கள்போல் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். மேனேஜருக்கு மட்டும் வேர்த்து ஊற்றுகிறது. விசிறி மேஜைமேலேயே கிடக்கிறது.