நானூறாவது கிலோமீட்டர்

நர்ஸ் வேலை பார்க்கும் அவளுக்கு இதுதான் முதல் அறுநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம். வழியில் யாரிடமும் உதவி வாங்கக்கூடாது என்பது விதி. கைவசமிருந்த ஒரே மாற்று டியூபைக் காலையிலேயே போட்டுவிட்டாள். இன்னொரு பஞ்சர் ஆனால் அவ்வளவுதான்.

நண்பகலில் நானூறாவது கிலோமீட்டர் பெட்ரோல் பங்கில் வந்து சேர்ந்ததற்கான முத்திரைக்காகப் பயண அட்டையை நீட்டினாள். காசாளர் திருதிருவென்று விழித்தார்.

"ஒன்பது மணிக்கே குத்திக் குடுத்தேனே அக்கா?"

அவர் காட்டிய பதிவேட்டில் அவள் கையெழுத்தே இருந்தது. அவர் புது டியூப் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதை வச்சுட்டு, 'பின்னாடி நானே வருவேன், எங்கிட்ட குடுத்துடுங்க'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

இது உதவியில் சேருமா என்று அவளுக்குப் புரியவில்லை.

"நான் எந்தப் பக்கம் போனேன்?"

அவர் கைகாட்டிய சாலையில்தான் அவள் வந்திருந்தாள். வழியில் எதிரே ஒரு சைக்கிள்கூட வந்திருக்கவில்லை.