அழைக்க வந்த மாப்பிள்ளை

நேற்றுக் கோபித்துக்கொண்டு பரளச்சியில் உள்ள தாய்வீட்டுக்கு வந்துவிட்ட சுகந்தியைத் தேடி, விடிந்ததும் பைக்கில் வந்து இறங்கினான் பாண்டீஸ்வரன்.

"மாப்ள வந்திருக்காக! பாத்தியா, ஒரு நா தாங்கல அவுகளுக்கு" என்று மகளை இடித்தாள் சோலையம்மாள்.

"எதுக்கு வந்தீக?" சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ இல்லாம ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது."

"நேத்து 'போனாப் போ'ன்னீக?"

"புத்தியில்லாமச் சொல்லிட்டேன். கையக் குடு, சுகந்தி."

சோலையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போட உள்ளே போனாள். சுகந்தி வெட்கத்தோடு கையை நீட்டினாள்.

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான்.

"பெருவிரல இதுல வையி. கரி லோடு ஏத்தணும், லாரிக்காரன் நம்பரு உள்ள கெடக்கு."

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு போனைப் பறிகொடுத்தவன், புதுப்போனுக்குப் பலத்த காவல் போட்டிருந்தான். எந்தத் திருடனாலும் கண்டுபிடிக்க முடியாத பூட்டு நம்பரை வைத்து, அதைத் தானும் மறந்திருந்தான். விறகடுக்கிக் கரிமூட்டம் போட்டுப் போட்டுத் தேய்ந்த அவன் விரல் ரேகையைப் போன் மதிக்கவில்லை. அதனால் பதிந்திருந்தது சுகந்தியின் விரல் மட்டும்தான்.

அவள் விரலை வைத்தாள். போன் திறந்தது.

"அப்ப நான் வாரேன்" என்று ஓடினான். அவளை ஒரு வார்த்தை 'வா' என்று கூப்பிடவில்லை.

பைக்கைக் கிளப்புவதற்குள் திரை அணைந்துவிட்டது. திரும்பி ஓடிவந்தான். கதவு சாத்தியிருந்தது.

"சுகந்தி, மறுபடி பூட்டிக்கிருச்சு!"

"நல்லதாப் போச்சு" என்றாள் உள்ளேயிருந்து. "இனி எந்தத் திருடனுக்கும் பயமில்ல. பத்திரமாக் கொண்டு போங்க."