ஆயுசுக்கும் ஒரு வண்டி

"இதுதான் கடைசி. இனிமே ஆயுசுக்கும் வேற வண்டி வாங்கறதா இல்ல. அப்படி ஒண்ணாப் பார்த்துக் காட்டுங்க" என்றாள் லைப்ரரி மேடம். நூலகத்தில் வேலை என்பதால் ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடும்.

பழைய கார் வியாபாரி கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அதுக்கென்ன மேடம், நம்மகிட்ட இல்லாத வண்டியா! ஆனா எல்லாரும் புதுசு புதுசுன்னு பறக்கறாங்க, நீங்க என்ன இப்படி?"

"புது வண்டியில பானட்டைத் திறந்தா எல்லாத்தையும் மூடி போட்டு மறைச்சு வெச்சிருக்கான். எனக்குக் கை உள்ளே போகணும்."

வியாபாரி சிரித்தார். கூட வந்த மெக்கானிக் சிரிக்கவில்லை. வண்டி பார்த்துச் சொல்ல அவள்தான் அவரைக் கூப்பிட்டு வந்திருந்தாள். காலையிலிருந்தே மனிதர் ஏதோ கனவில் நடப்பவர் மாதிரி இருந்தார்.

மழை விட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது. வரிசையாக நின்ற கார்களின் கண்ணாடிகளில் எல்லாம் மேகங்கள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. அந்த மேகங்களுக்கு நடுவில் அவள் புடவை நுனியைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து போவதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு வருஷமாக இதே கூத்துதான். மாதத்தின் முதல் சனிக்கிழமை அவளுடைய கார் தவறாமல் மக்கர் பண்ணும். ஒரு மாதம் பேட்டரி வயர் லூஸ். அடுத்த மாதம் பிளக் வயர் கழன்றிருக்கும். அதிலும் ஒரு புண்ணியம், பட்டறைக்கு நாலு கட்டடம் தள்ளி வந்துதான் நிற்கும்.

தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிப்பாள். நடுநடுவே சிரிப்பு வந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் உரக்கப் படித்துக் காட்டுவாள். வேலை என்னவோ ஐந்து நிமிஷம்தான். மெக்கானிக் அதை இரண்டு மணி நேரம் பார்ப்பார். கழன்ற வயரை விட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாத இடத்தையெல்லாம் துடைத்துக்கொண்டிருப்பார். ஒண்டிக்கட்டை மனிதர். அவளுக்கும் வீட்டில் யாரும் இல்லை. அது தெரிந்தும் ஆறு வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

போன மாதம் அந்தக் காரின் அடித்தகடு துருப்பிடித்து உடைந்து, காலடியில் சாலையே தெரிய ஆரம்பித்துவிட்டது. "இனிமே இதை ஓட்டாதீங்க மேடம்" என்று சொன்னது அவர்தான். சொல்லிவிட்டு இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"மாப்ளே, இங்க வா" என்று வியாபாரி ஒரு நீலக் காரைத் தட்டிக் காட்டினார். "பெயின்ட்டைப் பாரு, கண்ணாடி கணக்கா மின்னுது!"

மெக்கானிக் ஸ்டார்ட் செய்து காது கொடுத்தார். கியர் பாக்ஸ் முனகியது. அடியில் ஆயில் சொட்டியது. மாதம் தவறாமல் பட்டறைக்கு வரும். சில மாதம் இரண்டு தடவைகூட வரும்.

பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கார். பார்வைக்குச் சுமார்தான். ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் ஓடுகிறதா என்று கை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இருபது வயசு எஞ்சின், தூங்குகிற குழந்தை மாதிரி மூச்சு விட்டது. இதற்கு ஆயில் மாற்றினால் போதும். அதை எந்தப் பட்டறையிலும் மாற்றிக்கொள்ளலாம்.

"எதை எடுக்கட்டும்?" அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க சொல்றதுதான். வேற யார் பேச்சும் எனக்கு வேண்டாம்."

நீலம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சனிக்கிழமைகள் எல்லாம் அப்படியே கிடைத்துவிடும். அதே பெஞ்ச், அதே குரல், இரண்டு பேருக்கும் தலை நரைத்து, கண்ணாடி கனத்து... முப்பது வருஷம் அவர் கண் முன்னால் மிதந்து போனது. அதற்குப் பின்னாலேயே, கொட்டுகிற மழையில் நடுரோட்டில் நின்றுபோன நீலக் காரும், அதற்குள் தனியாக அவளும் தெரிந்தார்கள். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"சாம்பல் கலர்தான் மேடம்" என்றார். "இது உங்களை நடுவழியில விடாது. என் பட்டறைப் பக்கமே நீங்க வர வேண்டி இருக்காது."

"அடப்பாவி, உன் பிழைப்புல நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கறியே!" வியாபாரி தலையில் அடித்துக்கொண்டு, காகிதங்கள் எடுக்க உள்ளே போனார்.

அவள் சாம்பல் காரின் பானட்டைத் தூக்கி, குனிந்து, உள்ளே நிதானமாகப் பார்த்தாள். மெக்கானிக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்குவது தெரிந்தால் வெட்கக்கேடு.

"சரி, முதல் சனிக்கிழமை காலையில வந்துடறேன்" என்றாள்.

"எதுக்கு மேடம்? இது வருஷக்கணக்கா மக்கர் பண்ணாதுன்னு சொல்றேனே!"

"பழைய வண்டி மட்டும் என்ன, தானாவா மக்கர் பண்ணுச்சு?"

அவர் திருதிருவென்று விழிக்க, அவள் கைப்பையைத் திறந்து, கறை படிந்த பத்தாம் நம்பர் ஸ்பேனரை வெளியே எடுத்தாள். "சொல்லுங்க, இதுல எந்த நட்டைக் கழட்டினா உங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்?"