கடைசி வரிக்குப் பிறகு

ஓய்வுபெற்றபின் நான் உருவாக்கிய குட்டி நிரல்மொழியை உலகமே பயன்படுத்துகிறது. அதாவது, கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டரை அதில் ஓட்டும் பூங்கோதை ஒருத்தி. மொழியில் ஒரு பிழை: கடைசி வரியை எட்டிய நிரல் நிற்காமல் முதல் வரிக்கே திரும்ப ஓடிவிடும். வெட்கப்பட்டு அதைத் திருத்தி, புதுப் பதிப்பை அனுப்பினேன். மறுநாள் காலையில் போன் ஊரே அதிர அலறியது.

"ஏனுங்க சார், இன்குபேட்டர் பல்பு ஒருதரம் எரிஞ்சு அதோட நின்னுபோச்சுங்க! முட்டையெல்லாம் சில்லுனு ஆகுதுங்க!"

பல்கூடத் துலக்காமல் பிழையைப் பழைய இடத்திலேயே வைத்து அனுப்பினேன். குறிப்பில் கம்பீரமாக எழுதினேன்: 'புதிய வசதி: இனி நிரல் தானே மறுபடி தொடங்கும்.'

அந்த வாரக் கடைசியில் மீண்டும் அவள் போன்.

"கேக்குதுங்களா சார்?"

போனுக்குள் ஒரே கீச்சு கீச்சு; கோடிக் குஞ்சாவது இருக்கும். பதில் சொல்ல வாயெடுத்தேன், என் குரலும் கீச்சென்றுதான் வந்தது.