கருமணிக்குள் ஓர் ஆள்

கண்ணாடிக் கடையில் ஒரு நாளைக்கு முப்பது பேருடைய கண்ணைப் பரிசோதிப்பது என் வேலை. ஒரு வாரமாக அங்கே யாரும் என்னை நேராகப் பார்ப்பதில்லை. தரையைப் பார்க்கிறார்கள், சுவரைப் பார்க்கிறார்கள். போகட்டும் என்று விட்டேன். வீட்டில் மனைவியும் அப்படி ஆனபோதுதான் கேட்டுவிட்டேன்.

"என் மூஞ்சில முழிக்கக்கூடப் பிடிக்கலையா உனக்கு?"

"நல்லா இருக்கே கதை! ஒரு வாரமா முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கறது நீங்க. கொஞ்சம் திரும்புங்களேன்."

நான் அவளுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவள் முகவாயை நிமிர்த்தி, கடையில் செய்வதுபோலக் கருமணிக்குள் உற்றுப் பார்த்தேன். குட்டியாக நான் தெரிந்தேன். பின்மண்டையும் முதுகும் மட்டும்.

கையை ஆட்டினேன். அவனும் ஆட்டினான். ஆனால் திரும்பவில்லை.