நூறு

ஆட்டோவில் போகும்போது நான் தும்மினேன். "நூறு" என்றாள் அம்மா. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து என் ஒரு தும்மலையும் அவள் இப்படி நூறு வயசுக்கு வாழ்த்தாமல் விட்டதில்லை. தாலி கட்டக் குனிந்தபோது தும்மிவிட்டேன். அன்றைக்கு மேளச் சத்தத்தையும் மீறி அவள் குரல் கேட்டது.

நாங்கள் போய்க்கொண்டிருந்த முதியோர் இல்லத்தில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு மாதக் கட்டணம், யாருமற்றவர்களுக்கு இலவசம். கொஞ்சம் கஷ்டப்பட்டால் கட்டியிருக்கலாம். ஆனால் என்ன சொல்லவேண்டும் என்று வழி நெடுக அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தேன்.

"பேரு தையல்நாயகி. சரி, பிள்ளைங்க?" மேட்ரன் படிவத்திலிருந்து நிமிர்ந்தார்.

"யாரும் இல்லீங்க." நான் சொல்லிக்கொடுக்காததையும் அம்மா சேர்த்துக்கொண்டாள். "இந்தத் தம்பி யாரோ எவரோ. பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டு, பாவம்னு கூட்டியாந்தாங்க."

என்னை 'டா' போட்டு மட்டுமே கூப்பிட்டவள்.

"நல்ல மனசு சார் உங்களுக்கு" என்றார் மேட்ரன். 'அழைத்து வந்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அப்பா பெயரின் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று இனிஷியலை விட்டுவிட்டேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது பினாயில் நெடியில் பலமாகத் தும்மல் வந்தது. என்னை அறியாமல் அப்படியே நின்றேன். பின்னால் சத்தமே இல்லை. இன்னொரு தும்மல். திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உங்களுக்கும் தும்மல் வருதா?" என்று கேட்டார் மேட்ரன்.

அம்மா தலையாட்டினாள்.